மதினி இறங்கிய வெந்நீர்க் குளம்

மதினியின் முதுகை முதன்முதலாக நான் முழுசாகப் பார்த்தது, ரயிலும் பஸ்ஸுமாக நாள்கணக்கில் போன பிறகு வருகிற ஒரு வடக்கத்தி மலை ஊரில், வெந்நீர்க் குளத்தின் கல் படியில். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, ஈரத் தலையை உச்சியில் கொண்டையாக முடிந்துகொண்டு, கால்களைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆவி. கழுத்தில் தொடங்கி இடது தோள் வழியாகக் கைக்கும் இடுப்புக்கும் இறங்கிய தழும்பு, மழை ஓய்ந்த கரிசலில் வண்டித் தடம் காய்ந்து இறுகினது போல மேடும் பள்ளமுமாக இருந்தது. எழுந்திரு என்று ஆளுக்கொரு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி, நான் அவளுக்கு நாத்தனார். என்னைவிட மூத்தவள். நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் 'அவள்' என்று வந்துவிடுகிறது. அந்த நெருக்கத்தை மாற்ற எனக்கு மனசில்லை. அண்ணன் லாரி ஓட்டுகிறான். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், அதற்கெல்லாம் மேலாகப் பட்டாசுப் பெட்டி லேபிள். வடக்கே போகிற பெட்டிகளுக்கு இந்தியில் எச்சரிக்கை வாசகம் போடவேண்டும் என்பதால் சில இந்திச் சொற்கள் எனக்குப் பழக்கம். தீ, குழந்தைகள், தூரம், கவனம். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு டீகூட வாங்கிக் குடிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அவற்றில் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

மதினி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் வேன் வரும், தூக்குச்சட்டியோடு ஏறிப்போவாள். சாயங்காலம் முகமெல்லாம் சாம்பல் மினுக்கத்தோடு இறங்குவாள். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த ஒரு சீசனில் பக்கத்து அறையில் பிடித்த தீ அவள் இருந்த அறைக்கும் வந்துவிட்டது. எப்படிப் பிடித்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் இன்னொன்று சொன்னார்கள். மதினி எதுவும் சொன்னதில்லை. கதவு பக்கத்தில் இருந்ததால் ஓடினேன், அவ்வளவுதான் என்பாள். அவளோடு தினமும் வேனில் வந்தவர்களில் சிலர் ஓடவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது கழுத்து இடதுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள். வெந்த தோலுக்கு வேர்க்காது என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சித்திரை வெயிலில் உடம்பின் ஒரு பாதி வேர்த்து வடியும், மறுபாதி காய்ந்து நமைச்சல் எடுக்கும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். உடம்பு தேறியதும் மறுபடி வேலைக்குப் போனாள், மருந்து அறைக்கு இல்லை, பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு. வீட்டில் இருந்துவிடு என்று அண்ணன் சொன்னதற்கு, இருந்து என்ன செய்ய, சுவரையா பார்க்க என்று கேட்டாள்.

அவளால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். சுடுதண்ணீர். மார்கழிக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாள். அடுப்பில் வெந்நீர் கொதித்து ஆவி முகத்தில் பட்டால் அடுப்படியை விட்டே விலகிவிடுவாள். அண்ணனுக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் வெந்நீர் விளாவ நான்தான் போகவேண்டியிருந்தது. அன்று அவள் அழவில்லை. கோபப்பட்டாள். ஒரு செம்புத் தண்ணிக்குப் பயந்து சாகணுமா நான் என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

அதனால்தான், வேனில் யாரோ வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்கு டூர் போவதைப் பற்றிப் பேசினார்கள் என்று மதினி வந்து சொன்னபோது, நான் அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் கொஞ்ச நாள் வேலை இருக்காது. அந்த இடைவெளியில் காசி, டெல்லி, மலைக்கோயில் என்று கூட்டம் சேர்த்து அழைத்துப்போகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவர், சிவகாசிக்காரர், எங்கள் அச்சகத்துக்கும் வருவார். எல்லாருக்கும் அவர் டூர் அண்ணாச்சி. அண்ணன் வழக்கம்போல எதுக்கு அம்புட்டுத் தூரம் என்றான். மதினி அவனிடம் வாதாடவில்லை. என்னிடம் வந்து, நீயும் கூட வா புள்ள என்றாள். சரி என்றேன்.

பொதுக் குளத்தில் குளிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குற்றாலத்துக்குப் போய் அருவியில் நிற்கிற நமக்கு அது புதுசு. அருவித் தண்ணீர் நம்மேல் விழுந்து ஓடிவிடும். குளத்துத் தண்ணீர் அங்கேயே நிற்கும். நம் உடம்பில் இருப்பது அடுத்தவர் உடம்புக்குப் போகும். அதனால் அந்த ஊரில் பெண்களுக்கான குளத்தின் வாசலிலேயே படம் போட்ட பலகை வைத்திருந்தார்கள். முதலில் வெளியே குழாயடியில் நன்றாகக் குளித்துவிட வேண்டும். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. குளத்துக்குள் சோப்பும் ஷாம்பூவும் ஆகாது. கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். செருப்பும் போனும் வெளியே. குழந்தை, கர்ப்பிணி, இருதய நோய்க்காரர் ஜாக்கிரதை. கடைசிப் படத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கை, அதன்மேல் சிவப்புக் கோடு: தோல் நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. அந்தப் பலகையில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. இன்றைக்கும் அப்படி ஒரு இடத்துக்குப் போகிறவர்களுக்கு நான் அதையேதான் சொல்வேன். கூடவே இரண்டு சொல்வேன். வெள்ளி மெட்டியைக் கழற்றிவிட்டுப் போங்கள், கந்தகத் தண்ணீரில் கறுத்துவிடும். அப்புறம், அடுத்தவர் உடம்பை உற்றுப் பார்க்காதீர்கள். குளத்தில் எல்லாருக்கும் உடம்பு இருக்கும்.

மதினி பலகையை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்தாள். கடைசிப் படத்தின் முன் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பிறகு குழாயடிக்குப் போனாள். உறைகிற மாதிரி குளிர்ந்த தண்ணீர். ஒரு சத்தம் போடாமல் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்தாள். கழற்றி வைத்திருந்த, எப்போதும் போட்டிருக்கிற முழுக்கை ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். தலையை முடிந்துகொண்டு, நேரே போய்ப் படியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

முதலில் பேசியது எங்களோடு வந்தவர்தான். சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கிற குடும்பத்து அம்மா. ரயிலில் எங்களுக்கு எதிர் சீட்டு. முறுக்கும் எள்ளுருண்டையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் ரயிலில் முழுக்கை ஜாக்கெட்டுக்குள் இருந்த மதினியைத்தான் அவருக்குத் தெரியும். இப்போது படிக்கு மேலேயே நின்றுவிட்டார். குளத்துக்குள் இருந்த வேறு ஊர்ப் பெண்கள் சிலரும் ஒதுங்கி மறுபக்கம் போனார்கள். அந்த அம்மா குனிந்து, தணிந்த குரலில்தான் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீகம்மா. எல்லாரும் குளிச்சு ஏறட்டும். நீங்க கடைசியா இறங்கிக்கிடலாம்ல?"

மதினி உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தாள். "கடைசியா இறங்குறதுக்கு, நான் எதுலம்மா கடைசி?"

அந்த அம்மா பலகையைக் காட்டினார். தோல் நோய் இருக்கிறவர்கள் கூடாது என்று போட்டிருக்கிறதே, ரூல்ஸ் எல்லாருக்கும் பொதுதானே என்றார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. ரூல்ஸ் பொதுதான். அவர் குழாயடிப் பக்கமே போகவில்லை. தலையில் எண்ணெய் மினுமினுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பேசிவிட்டாள்.

"குழாயில குளிச்சாச்சு. சோப்புத் தொடல. தல முடிஞ்சாச்சு. அங்கன போட்டிருக்கிறது எல்லாம் செஞ்சாச்சு. நோய் எதுவும் எனக்கு இல்ல. உங்க கடையில விக்கிறதுதாம்மா என் தோல்ல இருக்கு."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. குளத்துக் காவலுக்கு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவள் கம்பளித் தொப்பியும் கனத்த காலணியுமாக வந்தாள். கையில் ஒரு குச்சி. மதினியைப் பார்த்தாள், பலகையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள். எழுந்து வா என்று குச்சியால் சைகை செய்தாள். மதினி தலையை ஆட்டினாள், வரமாட்டேன் என்று. காவல்காரப் பெண் குரலை உயர்த்தினாள். மதினி தமிழில், ஒட்டுவாரொட்டி நோய் இல்ல, தீ பட்டது, தீ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண்கள் குளம் என்பதால் டூர் அண்ணாச்சி உள்ளே வரமுடியாது. சுவருக்கு அந்தப்பக்கம் நின்று, வம்பு வேண்டாம், வெளியே வாங்க தாயி, பஸ் கிளம்பணும் என்று கத்தினார். அவ்வளவு குரல்களுக்கு நடுவில் எனக்கு எங்கள் லேபிள் நினைவுக்கு வந்தது. சிவப்பு எழுத்தில் எத்தனையோ முறை நான் கோத்த சொல்.

"ஆக்," என்றேன். "ஆக். பட்டாக்கா."

காவல்காரப் பெண் என்னைப் பார்த்தாள். தீ, பட்டாசு. அவள் குனிந்து மதினியின் இடது முழங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சந்தையில் காய் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கனிவெல்லாம் ஒன்றும் இல்லை. விரலால் அழுத்தினாள், தன் விரலைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டாள். திரும்பியவள், போகிற வழியில் அந்த அம்மாவின் எண்ணெய்த் தலையைக் குச்சியால் காட்டி, குழாயடியைக் காட்டிவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மதினி சிரிக்கவில்லை. அவளுக்கு நேர்ந்துகொண்டிருந்தது வேறு.

கால் மட்டும்தான் இதுவரை உள்ளே போயிருந்தது. இனி உடம்பு போகவேண்டும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. ஆவி முகத்தில் அடிக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடினாள். வேண்டாம் மதினி, காலை நனைத்ததே போதும் என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு படி இறங்கினாள். நின்றாள். அடுத்த படி. இடுப்புவரை தண்ணீர் வந்தபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை நான் எழுத்தில் போடமாட்டேன். அந்தச் சத்தத்தோடேயே இன்னொரு படி இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்தாள்.

பயந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லக் கண்ணைத் திறந்தாள். தழும்பின்மேல் கையை ஓட்டினாள். "இங்கன ஒண்ணுமே தெரியல புள்ள," என்றாள். பிறகு அக்குளுக்குக் கீழே, தழும்பு முடிந்து சொந்தத் தோல் தொடங்குகிற ஓரத்தில் விரலை வைத்தாள். "இங்கன சுடுது." அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள், வயலைப் பங்கு பிரிக்கிறவர் வரப்பைப் பார்ப்பது போல. எது தீ எடுத்துக்கொண்டது, எது இன்னும் தன்னுடையது என்று அன்றைக்குத்தான் அவள் அளந்து தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஒதுங்கிப் போன பெண்கள் ஒவ்வொருவராக நடுவுக்கு வந்தார்கள். வெளியே குளிர் அப்படி; குளத்தில் அவரவர் முறைக்கான நேரமும் கொஞ்சம்தான். அந்த அம்மா மட்டும் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் எண்ணெய் போகத் தலைகுளித்துவிட்டு, மேலே நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். மதினிதான் கூப்பிட்டாள். "வாங்கம்மா, குளுருதுல்ல. நான் ஒதுங்கிக்கிடுறேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எடம் இருக்கு."

அவர் வந்தார். எங்களைப் பார்க்காமல் மறுகோடியில் இறங்கி உட்கார்ந்தார். எங்கள் முறை முடிந்து மணி அடிக்கும்வரை எல்லாரும் ஒரே தண்ணீரில்தான் இருந்தோம். ஏறுகிறபோது மதினி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். உடம்பு திரும்பவில்லை, கழுத்து மட்டும். அற்புதம் எதுவும் இல்லை. சூட்டில் தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பஸ் ஏறுவதற்குள் மறுபடி இறுகிவிட்டது. ஊற்றுத் தண்ணீர் தழும்பை ஆற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதினி அதை மருந்தென்று நினைத்து இறங்கவில்லை.

பஸ்ஸில் டூர் அண்ணாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தொடங்கி, மறுநாள் போகிற ஊரிலும் ஒரு குளம் இருப்பதாகவும், அங்கே ரூமிலேயே வாளியில் வெந்நீர் எடுத்துவைக்கச் சொல்வதாகவும், அதுதான் அவளுக்கும் வசதி என்றும் சொன்னார். எல்லாருடைய நன்மைக்கும் என்றார். பெரும்பாலும் இப்படித்தான். நம்மை விலக்கிவைக்கிறவர்கள் அதை நம் வசதி என்றுதான் சொல்லுவார்கள். மதினி மரியாதையாகவே பதில் சொன்னாள். "வாளித் தண்ணியில குளிக்கணும்னா ஊர்லயே குளிச்சிருப்பேன் அண்ணாச்சி. அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்?" மறுநாள் அந்தக் குளத்திலும் இறங்கினாள். அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இறங்கியிருப்பாள்.

ஊருக்குத் திரும்பியபின் அவள் இதை ஒளித்துவைக்கவில்லை. பெட்டி ஒட்டுகிற இடத்தில் சொன்னாள், வேனில் சொன்னாள். எங்கள் வட்டாரத்தில் முழுக்கை ஜாக்கெட் போட்ட பெண்கள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. அச்சங்குளத்திலிருந்து அப்படி ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வந்தவள், சுட்டுச்சா அக்கா என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். பாதி சுட்டுச்சு, பாதி சுடலை என்றாள் மதினி. அடுத்த வருஷம் டூருக்கு அவளும் வந்தாள், அவளோடு இன்னொருத்தியும். இவர்களைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார் அண்ணாச்சி. மலைப் பாதையில் பின் சீட்டு இடுப்பை ஒடிக்கும், மற்றவர்களைப் போல முறைவைத்து மாற்றுங்கள் என்று மதினி நின்றாள். மாற்றினார்.

இந்த வருஷம் பெயர் கொடுத்த தழும்புக்காரப் பெண்கள் ஒரு வரிசை சீட்டை நிறைக்கிற அளவுக்கு இருக்கிறார்கள். போன வாரம் அண்ணாச்சி டூர் நோட்டீஸ் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார். எல்லாம் சொல்லிமுடித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தோல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். என் விரல் விசைப்பலகைமேலேயே நின்றது. இந்த வரியை நான் அடிக்கமாட்டேன் என்றேன். வேறு ஆள் அடிப்பார் என்றார். நான் மதினிக்குப் போன் போட்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டாள், பசை காயாத கையோடு. இப்போதெல்லாம் அரைக்கை ஜாக்கெட்தான். அண்ணாச்சிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நான் இருந்த மேசையில் இடது கையை நீட்டி வைத்தாள். "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. தொட்டுட்டு, ஒட்டிக்கிடும்னு தோணுச்சுன்னா எழுதச் சொல்லுங்க."

அவர் தொடவில்லை. தன் கையை மடியில் வைத்துக்கொண்டு மதினியின் கையைப் பார்த்தார். பிறகு, சரி தாயி, அந்த வரி வேண்டாம் என்றார். அதோடு விடுவாள் என்று நானும் நினைத்தேன். அவள் கையை எடுக்கவில்லை. அந்த வரியை எடுத்தால் போதாது, அந்த இடத்தில் வேறு ஒரு வரி வேண்டும் என்றாள். அண்ணாச்சி என்னைப் பார்த்து, போடும்மா என்பது போலத் தலையசைத்தார். நான் அச்சகத் தமிழில் அடித்தேன்: தீக்காயத் தழும்பு உள்ளவர்களும் அனுமதிக்கப்படுவர். அடித்ததை வாசித்துக் காட்டினேன்.

மதினிக்குப் பிடிக்கவில்லை. "அனுமதி யாரு குடுக்கிறது? வருவாங்கன்னு போடு."

அப்படியே போட்டேன். தீக்காயத் தழும்பு உள்ளவர்களும் வருவார்கள். நோட்டீஸ் அடித்துக் கட்டுக்கட்டாக வெளியே போய்விட்டது. வேன் நிற்கிற இடங்களிலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள்.